‘ஐடி போச்சு’ என்றால் என்ன போச்சு?

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான். “இன்னாடா ஆச்சு?” என்று அம்மா கேட்டால், “ஐடி போச்சும்மா” என்கிறான். போன் பத்திரமாக இருக்கிறது, காசும் தொலையவில்லை. “போனா இன்னா, புதுசா ஒண்ணு போட்டுக்கோ” என்று அவள் ஆறுதல் சொல்கிறாள். அதைக் கேட்டதும் அவனுக்கு அழுகை இன்னும் கூடுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை இந்தப் பேச்சு நடக்காத தெரு குறைவு. அந்த அம்மாவுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பையனுக்கு இதெல்லாம் ஏற்கெனவே தெரியும்.

அவன் ஆடுவது அநேகமாக ஃப்ரீ ஃபயர். சிங்கப்பூரில் இருக்கும் கரீனா நிறுவனம் 2017-ல் வெளியிட்டது. ஐம்பது பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிப்பார்கள். இறங்கும்போது எல்லாருக்கும் வெறுங்கை. துப்பாக்கி, தோட்டா, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் அங்கே இருக்கும் வீடுகளில் தேடிப் பொறுக்க வேண்டும். நேரம் ஆக ஆக, பத்திரமாக நிற்கக்கூடிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதனால் யாரும் ஓரமாக ஒளிந்தே காலத்தை ஓட்ட முடியாது. கடைசிவரை உயிரோடு நிற்பவர் ஜெயித்தவர்; நான்கு பேர் அணியாக ஆடினால் அந்த அணி ஜெயித்தது. அப்போது திரையில் ‘பூயா’ என்று வரும். ஒரு ஆட்டம் பத்து நிமிடம், சில சமயம் கொஞ்சம் கூடுதல்.

இதே வகையில் பப்ஜி மொபைல் 2018-ல் வந்தது. அதில் நூறு பேர், ஆட்டம் அரை மணி நேரம் வரை இழுக்கும், போனும் நல்லதாக இருக்க வேண்டும். ஃப்ரீ ஃபயர் விலை குறைந்த போனிலும் ஓடும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்த பிறகு, அப்பா புதுப் போன் வாங்கியதும் பழையது பையன் கைக்கு வந்தது. அந்தப் பழைய போனில் எது ஓடியதோ அதுதான் அவனுக்குப் பிடித்த விளையாட்டு ஆயிற்று. யாரும் கடைக்குப் போய் ஆயிரம் விளையாட்டைப் பரப்பி வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. நம் பக்கத்தில் எப்போதுமே கிடைத்த மெஷின்தான் முதலில் விளையாட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. பாசம் பிறகு வந்தது.

ஐடி என்பது இந்த விளையாட்டில் அவனுடைய கணக்கு. அவன் வைத்துக்கொண்ட பெயர், ஏறி வந்த லெவல், இந்த சீசனில் தொட்ட ரேங்க், கூட ஆடுபவர்களின் பட்டியல், கில்ட் என்று அவர்கள் சொல்லும் குழு, வாங்கியும் ஜெயித்தும் சேர்த்த உடைகள், துப்பாக்கிக்குப் போடும் வண்ண உறைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. சில உடைகள் அந்தந்த சீசனில் ஆடியவர்களுக்குத்தான் கிடைத்தன. முதல் சீசனில் வந்த சாகுரா உடையும் இரண்டாம் சீசனில் வந்த ஹிப் ஹாப் உடையும் அப்படிப்பட்டவை. அதைப் போட்டுக்கொண்டு ஒருவன் தீவில் இறங்கினால், ‘இவன் ஆரம்பத்திலிருந்து ஆடுறவன்’ என்று மற்ற எல்லாருக்கும் தெரியும். புதிதாக ஐடி போட்டால் லெவல் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அது ஒரு பொருட்டில்லை, மறுபடி ஏறிவிடலாம். ஆனால் நண்பர்கள் பட்டியல் காலியாக இருக்கும். மணலியிலோ மதுரையிலோ இருந்துகொண்டு தினமும் இரவு கூட ஆடிய ஒருவனுடைய உண்மையான பெயரோ போன் நம்பரோ இவனுக்குத் தெரியாது. அந்த ஐடி வழியாக மட்டும்தான் தெரியும். அது போனால் அவனும் போய்விடுகிறான்.

நிழல் ஆள்களோடு இப்படி ஒரு ஒட்டுதலா என்று கேட்கலாம். இது போனோடு வந்த வியாதி இல்லை. இப்போது நாற்பதைத் தொடும் அண்ணன்களிடம் காண்ட்ரா என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

1990-களில் டிவி கேம் என்று ஒரு பெட்டி வந்தது. நிண்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஜப்பானில் விற்ற ஃபேமிகாம் எந்திரத்தின் நகல்கள் அவை. கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1969-ல் அமைந்த பர்மா பஜாரில் இத்தகைய எலெக்ட்ரானிக் சாமான் கிடைக்கும். திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயில் ஏறினால் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடும். வாங்க முடியாதவர்களுக்கு மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கடைகள் இருந்தன. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்திருக்கும். உள்ளே பத்துப் பதினைந்து விளையாட்டுகளையே திருப்பித் திருப்பி வேறு வேறு இடத்திலிருந்து தொடங்கும்படி போட்டு எண்ணிக்கையை ஏற்றியிருப்பார்கள். அது தெரிந்த பிறகும் யாரும் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, ஏனென்றால் அந்தப் பத்தில் காண்ட்ராவும் மாரியோவும் இருந்தன.

காண்ட்ரா ஜப்பானின் கோனாமி நிறுவனம் 1987-ல் செய்தது. அடுத்த ஆண்டு வீட்டுப் பெட்டிக்கு வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், எட்டு கட்டங்கள், ஆளுக்கு மூன்று உயிர். ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் காலி. ஆட்டத்தைச் சேமித்து வைக்க வழியே கிடையாது. ஆறாவது கட்டத்தில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்துதான், நம் ஊரில் அது எத்தனை முறை நடந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதன் மூன்றாவது கட்டம் ஒரு அருவி. இரண்டு பேரும் பாறை பாறையாக மேலே தாவ வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு ஏறிவிட்டால் திரையும் அவனோடு மேலே போய்விடும். கீழே நிற்பவன் திரையின் அடி விளிம்பில் மாட்டிச் செத்துவிடுவான். எதிரி சுட்டுச் செத்தால் யாருக்கும் வருத்தமில்லை. கூட ஆடுகிறவன் காத்திருக்காததால் செத்தால் மூன்று நாள் பேச்சு வார்த்தை இருக்காது. இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஒருவனுடைய உயிர் எல்லாம் தீர்ந்துவிட்டால், கையில் இருக்கும் ஒரு பட்டனை அழுத்தி அடுத்தவன் கணக்கிலிருந்து ஒரு உயிரை எடுத்துக்கொள்ளலாம். “மச்சி, ஒரு உயிர் குடு” என்று கேட்டு எடுப்பவனும் உண்டு, கேட்காமல் எடுப்பவனும் உண்டு. கணக்கில் ஒரே ஒரு உயிர் மிச்சமிருக்கப் பெரிய பூதத்தின் முன் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் அதில் கைவைக்காமல் இருந்தான் என்றால், அதை மனிதன் இருபது வருடம் ஞாபகம் வைத்திருப்பான்.

என் கணக்குப்படி, நெஞ்சில் நிற்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு காரியத்தைச் செய்கின்றன: பக்கத்து ஆளுக்காகக் காத்திருக்க வைக்கின்றன, அல்லது நம்முடையதில் ஒன்றை அவனுக்குக் கொடுக்க வைக்கின்றன. படம் எத்தனை அழகு, சத்தம் எத்தனை துல்லியம் என்பதெல்லாம் விற்பவர் பேச்சு. காண்ட்ராவின் படத்தை இன்று பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும்.

பப்ஜியும் ஃப்ரீ ஃபயரும் செய்வது அதே வேலைதான். அணியாக ஆடும்போது குண்டடிபட்டவன் உடனே சாவதில்லை. ‘நாக்’ ஆகி மண்டியிட்டுத் தவழ்வான். கூட்டாளி ஒருவன் ஓடி வந்து பக்கத்தில் சில வினாடி அசையாமல் நின்றால் அவனை எழுப்பிவிடலாம். இதற்குப் பெயர் ரிவைவ். பப்ஜியில் அது பத்து வினாடி. அந்தப் பத்து வினாடியும் எழுப்புகிறவனால் சுடவும் முடியாது, ஓடவும் முடியாது. எங்கிருந்தோ ஒருவன் குறிவைத்துக்கொண்டிருப்பான். எழுப்ப வருவதா, விட்டுவிட்டுப் போவதா என்று கூட்டாளி முடிவெடுக்க வேண்டும். பள்ளியில் கடைசி பெஞ்சில் யாரும் கண்டுகொள்ளாத பையன் ஒருவனை, முகம் தெரியாத மூன்று பேர் ஒரு இரவில் நாலைந்து முறை இப்படி எழுப்பிவிடுகிறார்கள். அந்த நாலு பேர் அணியில் அவனுக்கு ஒரு இடம் இருக்கிறது, அவன் வராவிட்டால் “எங்க இருக்க, சீக்கிரம் வா” என்று அழைப்பு வருகிறது. அவன் போனை விட்டு நகராததற்குச் சோம்பல் காரணமில்லை.

இடையில் பிரவுசிங் சென்டர் காலம் ஒன்று போயிற்று. ஒரே அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர், கவுன்டர் ஸ்ட்ரைக்கில் இந்த வரிசைக்கும் எதிர் வரிசைக்கும் சண்டை, செத்தவன் எழுந்து வந்து உயிரோடு இருப்பவனின் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வான். அதை அதிகம் விரிக்க வேண்டாம். ஆனால் அங்கே ஆடப்பட்ட ஜிடிஏ வைஸ் சிட்டி பற்றிச் சொல்லியாக வேண்டும். 2002-ல் வந்தது. கொடுத்த வேலையைச் செய்யாமல் ஊர் சுற்றலாம் என்பதுதான் அதன் சிறப்பு. தோட்டாவுக்கு அஞ்சாத டாங்கி வேண்டுமென்றால் ‘பான்சர்’ என்று தட்ட வேண்டும், உயிர் கூட ‘ஆஸ்பிரின்’. இந்த வார்த்தைகளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பார்கள். அந்த ஊரின் ஒரு மூலையில் வைஸ்போர்ட் என்று ஒரு துறைமுகம் உண்டு. ராயபுரத்துப் பையனுக்குத் துறைமுகம் என்பது பிறந்ததிலிருந்து ஒரு நீளச் சுவர், சுவருக்கு மேலே தெரியும் கிரேன், பாஸ் இல்லாமல் உள்ளே விடாத காவல். அவன் தாத்தா அங்கே மூட்டை சுமந்திருக்கலாம்; இவன் உள்ளே போனதில்லை. வைஸ்போர்ட்டில் அவன் கேட்டைத் தாண்டிப் போனான், கப்பலருகே நின்றான், யாரும் பாஸ் கேட்கவில்லை.

விளையாட இடம் எங்கே என்ற கேள்வியை இந்தக் கரையில் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. 1881-ல் செயல்படத் தொடங்கிய துறைமுகத்தின் கல் தடுப்புகள், தெற்கிலிருந்து வடக்காகக் கடலோடு நகர்ந்துவந்த மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமாயிற்று. வடக்கே மணல் வரத்து நின்று, ராயபுரம் தொடங்கிக் கரை அரிக்கப்பட்டது. இப்போது பல இடங்களில் கடற்கரை என்றால் கொட்டிவைத்த பாறாங்கல்தான். கல்லை ஒட்டி எண்ணூர் விரைவுச் சாலை. அதில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். உள்ளே வந்தால் ஒற்றை அறை வீடு, இரவு ஷிப்ட் முடித்து வந்த அப்பா பகலில் தூங்குகிறார், சத்தம் போடக் கூடாது. ‘வெளியே போய் விளையாடக் கூடாதா’ என்று நாம் கேட்கும்போது அந்த வெளி எங்கே என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருப்பவன் ஒரு முழுத் தீவில் ஓடிக்கொண்டிருக்கிறான்.

இத்தனை நெரிசலிலும் வடசென்னை ஒரு விளையாட்டைத் தெருவிலேயே வளர்த்தது. ஒரு பலகையும் பத்தொன்பது காயும் போதும் என்பதால் கேரம் இங்கே நிலைத்தது. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் உலக சாம்பியன் ஆனார். 1996-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. வியாசர்பாடியின் இளவழகி 2008-ல் உலக சாம்பியன். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா மூன்று தங்கம் வாங்கிவந்தார். இன்று மாலை போட்டுக் கொண்டாடும் இதே கேரமைப் பார்த்து, ‘வேலைவெட்டி இல்லாதவன் ஆட்டம்’ என்று சொன்ன பெரியவர்களும் இதே தெருவில்தான் இருந்தார்கள். போன் விளையாட்டுக்காரர்களுக்கும் நாளை மாலை விழும் என்று நான் ஜோசியம் சொல்லவில்லை. கேரமுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் முக்கியம்: கேரம் பலகையைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று பார்க்கிறார்கள். மூலைக்குச் சிவப்பைத் தட்டிவிட்டதும் அப்பாவுக்கும் அது தெரிகிறது. போனில் பையன் எத்தனை அற்புதமாக ஆடினாலும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது; அவர்களுக்குத் தெரிவது குனிந்த தலை மட்டும். தன் திறமையைப் பார்த்த சாட்சிகள் எல்லாரும் அந்த ஐடிக்குள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட கணக்கு எத்தனை சுலபமாகக் காணாமல் போகும் என்பதை அரசும் காட்டியிருக்கிறது. சீனாவுடனான எல்லைத் தகராறுக்குப் பின் 2020 செப்டம்பர் 2-ம் தேதி தடைசெய்யப்பட்ட 118 சீனத் தொடர்புள்ள செயலிகளில் பப்ஜி மொபைலும் ஒன்று. அக்டோபர் 30-ல் இந்தியாவில் அடியோடு நின்றது. ஊரடங்கில் நண்பனைப் பார்க்க வேறு வழியே இல்லாத சமயம் அது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது பழைய கணக்கை மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கொடுத்தார்கள், அதற்கு ஆட்டக்காரர்கள் பட்ட சந்தோஷம் புது விளையாட்டு வந்ததற்குப் பட்டதைவிடப் பெரிது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடையில் விழுந்தது. அதன் மேம்பட்ட பதிப்பான ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் தப்பியது. அதே ஐடி மேக்ஸிலும் திறந்துகொண்டதால் பையன்கள் அங்கே குடிபோனார்கள்.

இனி காசு விஷயம். இங்கே நான் அம்மா பக்கம். காண்ட்ராவில் உயிர் கடன் கொடுக்கக் காசு கேட்கவில்லை. ஃப்ரீ ஃபயர் இலவசம்தான், ஆனால் உடைக்கு ‘டைமண்ட்’ வேண்டும், டைமண்டுக்கு ரூபாய் வேண்டும். உடை சுடும் திறமையைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. கூட்டாளிகள் முன் கௌரவத்தைக் கூட்டுகிறது. நட்பும் மதிப்பும் சேரும் இடத்தில் கடை போட்டால் விற்பனை நடக்கும் என்பது நிறுவனத்துக்கு நன்றாகத் தெரியும். ‘லக் ராயல்’ என்று ஒரு சக்கரம் உண்டு. டைமண்ட் கட்டிச் சுற்ற வேண்டும், என்ன விழும் என்று முன்கூட்டித் தெரியாது. திருவிழாவில் மூடி உருட்டுகிறவனிடம் போகாதே என்று பிள்ளையைத் தடுக்கிறோம், இதற்கும் அதே தடை பொருந்தும். அப்பாவின் யுபிஐ ரகசிய எண் பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதை ரம்மியோடு போட்டுக் குழப்ப வேண்டாம். பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்கள் வேறு சாதி. அவற்றைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் தமிழ்நாடு 2022-ல் சட்டம் இயற்றியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே சட்டம் போட்டியாக ஆடும் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கிறது.

அளவு மீறுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு என்ற ஒன்று 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்பதை அது அளவாக வைக்கவில்லை. நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாக் காரியத்துக்கும் மேலாக விளையாட்டு வந்துவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக ஒரு வருடம் நீடிப்பது ஆகியவற்றைத்தான் பார்க்கிறது. அப்படித் தோன்றினால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஐடி போனதற்கு இரண்டு நாள் அழுவது அந்தப் பட்டியலில் வராது.

ஐடி போகாமல் இருக்க வழி சின்னதுதான். பல பையன்கள் ‘கெஸ்ட்’ என்று தொட்டு உள்ளே போய் ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு அந்தப் போனோடு மட்டும் ஒட்டியிருக்கும். செயலியை அழித்தாலோ போன் மாறினாலோ போய்விடும். செட்டிங்ஸில் கூகுள் கணக்கோடு அதை இணைத்துவைத்தால் எந்தப் போனிலும் திறக்கலாம். இலவச டைமண்ட் தருகிறோம் என்று வரும் லிங்கில் பாஸ்வேர்டு போட்டவர்களும் ஐடியை இழக்கிறார்கள். பழக்கமான பெயரில் வந்தாலும் தொடக்கூடாது.

சாப்பிடக் கூப்பிடும்போது நடக்கும் சண்டைக்கும் ஒரு வழி உண்டு. ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது; எழுந்து வந்தால் மூன்று பேரை நட்டாற்றில் விட்டதாகும், ரேங்க் புள்ளியும் போகும். அதனால் “அஞ்சு நிமிஷம்மா” என்பது எப்போதும் பொய் இல்லை. திரையின் ஓரத்தில் இன்னும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். “எத்தனை பேருடா மிச்சம்?” என்று கேளுங்கள். நாற்பது என்றால் ஆட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது, குழம்பை மூடி வையுங்கள். எட்டு என்றால் தட்டு வைக்கலாம். அது முடிந்ததும் அடுத்த ஆட்டத்துக்குள் நுழைந்தான் என்றால் அப்போது திட்டுங்கள், அதற்கு அவனிடம் பதில் இருக்காது.